அம்மாவின் அறைக்கு வெயில் வருமா? திரீ.ஜேஎஸ் பழகத் தொடங்குவோருக்கு

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நீங்கள் சிங்கப்பூரின் யீஷூனில் இருக்கிறீர்கள், பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. குடும்பத்துக்குத் தெங்காவில் பிடிஓ வீடு, அதாவது பதிவு செய்தபின் அரசு கட்டித் தரும் அடுக்குமாடி வீடு, கிடைத்திருக்கிறது, சாவி வர இன்னும் நாளாகும். புது வீட்டில் தம் படுக்கையறை மேற்கு வெயிலில் வெந்துவிடுமோ என்று அம்மா கவலைப்படுகிறார். அந்தப் புளோக்கை, அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தை, உலாவியில் முப்பரிமாணத்தில் எழுப்பி, எந்த மாதம் எந்த நேரத்தில் எங்கே வெயில் விழும் என்று அவருக்குக் காட்ட விரும்புகிறீர்கள். பழைய காணொளி ஒன்றைப் பார்த்து, உலாவியில் முப்பரிமாணம் வரையும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான திரீ.ஜேஎஸ்ஸில் எழுதினீர்கள், திரை கறுப்பாகவே நிற்கிறது. வெப்ஜிஎல்லை முதலில் கற்க வேண்டுமா, கணக்கு எவ்வளவு தெரிய வேண்டும், இந்தக் கறுப்புத் திரைக்கு என்ன காரணம் என்று கேட்டிருக்கிறீர்கள். அக்கா என்று உரிமையோடு அழைத்ததால் நானும் தம்பி என்றே எழுதுகிறேன்.

நீங்கள் எடுத்திருக்கும் வேலை மிக நல்ல தொடக்கம். பாடங்கள் எல்லாம் ஒரு பச்சைக் கனசதுரத்தைச் சுழலவிட்டுத் தொடங்குகின்றன. அந்தக் கனசதுரம் சரியாக இருக்கிறதா, தவறாக இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு அளவு இல்லை, திசை இல்லை, இடம் இல்லை. நீங்கள் தினமும் ஏறி இறங்கும் புளோக் அப்படியல்ல. அதன் நிழல் ஐந்து மணிக்கு எங்கே விழும் என்பது உங்களுக்கே தெரியும். திரையில் வேறு மாதிரி விழுந்தால் தவறு உடனே கண்ணில் படும். ஆகவே தெங்கா வீட்டை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இப்போது குடியிருக்கும் யீஷூன் புளோக்கை முதலில் கட்டுங்கள்.

வெப்ஜிஎல் பற்றி முதலில். அது குரோனாஸ் குழுமம் 2011 மார்ச்சில் வெளியிட்ட தரம்; கணினியின் வரைகலைச் சில்லோடு உலாவி நேரடியாகப் பேச வழி செய்கிறது. புள்ளி, கோடு, முக்கோணம் ஆகிய மூன்றுக்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. ஒளி, நிழல், கேமரா என்ற சொற்களே அதில் கிடையாது. எல்லாவற்றையும் ஷேடர் என்ற சிறு நிரல்களாக நாமே எழுதித் தரவேண்டும். ரிகார்டோ கபேயோ 2010இல் திரீ.ஜேஎஸ்ஸை வெளியிட்டபோது வெப்ஜிஎல் தரமே முழுமை பெற்றிருக்கவில்லை. ஃபிளாஷ் காலத்தில் எழுதியதை அவர் ஜாவாஸ்கிரிப்ட்டுக்குக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் அது உலாவியின் சாதாரண இருபரிமாண வரைபரப்பான கேன்வாஸிலும், கோட்டுப்பட வடிவமான எஸ்விஜியிலும்தான் வரைந்தது. அடியில் எந்த இயந்திரம் இருந்தாலும் மேலே எழுதுபவர் காட்சியைப் பற்றி மட்டும் சிந்தித்தால் போதும் என்பது அன்றே அதன் அமைப்பில் இருந்தது. எனவே வெப்ஜிஎல்லை முதலில் கற்கத் தேவையில்லை. ஷேடர் எழுதியே ஆகவேண்டிய நாள் ஒன்று வரும், அன்றைக்குக் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த தலைமுறையான வெப்ஜிபியு குரோமில் 2023இல் வந்துவிட்டது, திரீ.ஜேஎஸ்ஸும் அதற்கு ஆயத்தமாக இருக்கிறது; உங்கள் ஒற்றைப் புளோக்குக்கு அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

இனி கறுப்புத் திரை. இதில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

பக்கம் வெள்ளையாக இருந்தால் உங்கள் நிரல் ஓடவே இல்லை, அல்லது கேன்வாஸைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. கறுப்பாக இருந்தால் காட்சியைத் திரையில் வரையும் ரெண்டரர் ஓடியிருக்கிறது என்று பொருள். அது தொடங்கும்போது திரையைத் துடைக்கும் நிறமே கறுப்பு. ஆக, நீங்கள் பாதி வழி வந்துவிட்டீர்கள். காட்சியின் பின்னணிக்கு வெளிர்நீலம் கொடுத்துப் பாருங்கள். திரை நீலமானால், வரையும் வேலை நடக்கிறது, பொருள்தான் தெரியவில்லை. அடுத்து, பொருளின் மெட்டீரியலை, அதாவது அதன் மேற்பரப்பின் தன்மையை, பேசிக் வகைக்கு மாற்றுங்கள். அந்த வகைக்கு ஒளியே தேவையில்லை, கொடுத்த நிறம் அப்படியே தெரியும். இப்போது பொருள் தெரிந்தால் குறை விளக்கில். ஸ்டாண்டர்ட் மெட்டீரியலைப் போட்டுவிட்டு விளக்கு வைக்க மறந்திருப்பீர்கள். இப்போதும் தெரியாவிட்டால் குறை கேமராவில். நீங்கள் இடம் குறிப்பிடாத எல்லாப் பொருளும் ஆதிப்புள்ளியில், அதாவது மூன்று அச்சுகளும் சந்திக்கும் இடத்தில், பிறக்கும், கேமராவும் அங்கேயே பிறக்கும். அதாவது கேமரா உங்கள் கட்டடத்தின் வயிற்றுக்குள் நிற்கிறது. சுவர்களுக்கு இயல்பாக வெளிப்பக்கம் மட்டுமே வரையப்படுவதால் உள்ளே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கேமராவை வெளியே எடுத்து வைத்து, கட்டடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த இரண்டு சோதனைகளும் ஐந்து நிமிட வேலை. ஆனால் அதற்கும் முன்னால் பிழைச் செய்திகள் வரும் உலாவியின் கன்சோலைத் திறந்து சிவப்பு வரி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் நீங்கள் பார்த்தது பழைய காணொளி. திரீ.ஜேஎஸ் பதிப்பு எண்களைச் சும்மா ஏற்றிக்கொண்டு போவதில்லை; பழையவற்றைத் துணிந்து நீக்கும். 2021இல் வந்த 125ஆம் பதிப்பில் பொருளின் வடிவத்தை வைத்திருந்த பழைய ஜியோமெட்ரி வகுப்பே மைய நூலகத்திலிருந்து போய்விட்டது. 160ஐ ஒட்டிய பதிப்புகளில், ஸ்கிரிப்ட் குறியால் நேரடியாக இணைக்கும் பழைய கோப்புகள் போய்விட்டன. இப்போது மாட்யூலாக இறக்குமதி செய்வதுதான் வழி. இன்னொன்று சிவப்பு வரி கூடக் காட்டாது. 2023இல் வந்த 155இலிருந்து ஒளியின் அளவு இயற்பியல் முறைக்கு மாறிவிட்டது, பழைய பாடத்தில் 1 என்று இருக்கும் விளக்கை பை மடங்கு, அதாவது 3.14 என்று வைத்தால்தான் அதே வெளிச்சம் வரும். காணொளியில் பளிச்சென்று தெரிந்தது உங்கள் திரையில் மங்கிக் கிடந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். எந்தப் பாடத்தைப் பார்த்தாலும் அது எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள், அதே பதிப்பை வைத்துப் பழகுங்கள், அல்லது திரீ.ஜேஎஸ் தளத்தின் கையேட்டிலிருந்து தொடங்குங்கள். அங்கே இருக்கும் எடுத்துக்காட்டுகள் நடப்புப் பதிப்போடு சேர்ந்தே திருத்தப்படுகின்றன.

கோப்பை இரண்டு முறை சொடுக்கித் திறக்கவும் கூடாது. மாட்யூல்களை உலாவி அப்படி ஏற்காது. பைத்தானில் உள்ள சிறு சர்வரை ஒரே வரியில் ஓடவிடலாம், அல்லது வைட் என்ற கருவியைப் போட்டுக்கொள்ளலாம். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

கட்டடத்துக்கு வருவோம். முதல் விதி: ஓர் அலகு என்றால் ஒரு மீட்டர். நூலகம் இதைக் கட்டாயப்படுத்தாது, நீங்கள் உங்களைக் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டும். மாடிக்கு 2.8 மீட்டர் என்று வைத்தால் 15 மாடிக்கு 42 மீட்டர். அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் பட்டியல் இருக்கிறது. உங்கள் புளோக் எண்ணைத் தேடினால் அதிகபட்ச மாடி எத்தனை, எந்த ஆண்டு கட்டி முடித்தார்கள் என்ற விவரம் கிடைக்கும். நீளம் அகலத்தை வரைபடத்தில் அளந்துகொள்ளுங்கள். ஒரு பெட்டி போதும். சன்னல், தாழ்வாரம், மின்தூக்கி எதுவும் இப்போது வேண்டாம்.

பெட்டியை வைத்ததும் அது பாதி மண்ணுக்குள் புதைந்திருக்கும். பெட்டியின் மையமே அதன் ஆதாரப் புள்ளி என்பதால் 42 மீட்டர் பெட்டியை 21 மீட்டர் உயர்த்த வேண்டும். ஒரு பெட்டிக்கு எட்டு மூலைகள்தானே, அதன் தரவில் ஏன் 24 முனைகள் இருக்கின்றன என்று பிறகொரு நாள் உங்களுக்குக் கேள்வி எழும். ஒவ்வொரு மூலையிலும் மூன்று சுவர்கள் சந்திக்கின்றன. ஒவ்வொரு சுவரும் வெவ்வேறு திசையை நோக்குகிறது. எந்தச் சுவரில் எவ்வளவு ஒளி விழும் என்பதை அந்த நோக்கும் திசையை வைத்தே கணக்கிட வேண்டியிருப்பதால், ஒரே மூலை மூன்று முறை எழுதப்படுகிறது. இது புரிந்த அன்று ஒளி எப்படி வேலை செய்கிறது என்பதும் புரிந்துவிடும்.

இரண்டாவது விதி திசை. திரீ.ஜேஎஸ்ஸில் ஒய் அச்சு மேல்நோக்கியது. எக்ஸ் அச்சைக் கிழக்கு என்று வைத்துக்கொண்டால், இசட் அச்சு தெற்கு ஆகிவிடும். வடக்கு என்பது எதிர்மறை இசட். இதைத் தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானே இதில் தவறியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், ஒரு பேட்டையின் மாதிரியைக் குடியிருப்பாளர்களுக்குப் புளோக்கின் கீழ்த்தளத்தில் வைத்துக் காட்டினோம். ஜூன் மாதம், மாலை நான்கு மணி என்று வைத்து நிழலை ஓடவிட்டேன். கிழக்கு மேற்காக நீண்ட ஒரு புளோக்கின் வடக்குப் பக்கத்தில் கல் இருக்கைகள் இருந்தன. திரையில் அவை நல்ல நிழலில் இருந்தன. சட்டைப் பையில் கண்ணாடியும் கையில் நாளிதழுமாக நின்ற ஒரு பெரியவர், விரலால் திரையைத் தொட்டு, “அம்மா, ஜூன் மாதத்தில் இந்த நேரத்தில் இங்கே உட்கார முடியாது, கல் சுடும்” என்றார். மறுப்பாகச் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். இசட் மதிப்புக்கு முன்னால் போட வேண்டிய கழித்தல் குறியை விட்டிருந்தேன். வடக்கும் தெற்கும் இடம் மாறி, ஜூன் மாத வெயில் டிசம்பர் வெயிலாகியிருந்தது. படம் அழகாக இருந்ததால் அலுவலகத்தில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அந்த இருக்கையில் உட்கார்ந்து பழகியவருக்கு மட்டும் தெரிந்தது.

நம் ஊரில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 1.35 பாகையில் இருக்கிறது. ஆகவே சூரியன் ஆண்டில் பாதி நமக்கு வடக்கே போகிறது, மீதிப் பாதி தெற்கே போகிறது. ஜூன் பிற்பகுதியில் உச்சி நேரத்தில் அது வடக்கில் 68 பாகை உயரத்தில் நிற்கும்; டிசம்பரில் தெற்கில் 65 பாகையில். உச்சி நேரம் பன்னிரண்டு மணியும் அல்ல. 1982 தொடக்கத்தில் நம் கடிகாரத்தை எட்டு மணி நேர மண்டலத்துக்கு நகர்த்தினார்கள், அதனால் சூரியன் உச்சிக்கு வருவது சுமார் ஒரு மணிக்கு. வடநாடுகளில் எழுதப்பட்ட பாடங்கள் வெயில் எப்போதும் தெற்கிலிருந்து வருவதாக வைத்துக்கொள்ளும். அதை நம்பி எழுதினால் அம்மாவுக்குத் தவறான பதில் சொல்லிவிடுவீர்கள்.

கணக்குப் பற்றிய உங்கள் கேள்விக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. உயர்நிலைப்பள்ளியில் பேரிங் படித்திருப்பீர்கள், வடக்கிலிருந்து வலப்பக்கமாக எண்ணும் கோணம். அதுவும் சைன், கொசைனும் போதும். ஜூன் 21 அன்று மாலை ஐந்து மணிக்கு சூரியன் 296 பாகைத் திசையில், 29 பாகை உயரத்தில் இருக்கும். உயரக் கோணத்தின் சைன் ஒய் மதிப்பு: 0.48. உயரத்தின் கொசைனைத் திசையின் சைனால் பெருக்கினால் எக்ஸ்: எதிர்மறை 0.79, அதாவது மேற்கு. உயரத்தின் கொசைனைத் திசையின் கொசைனால் பெருக்கி, மறக்காமல் கழித்தல் குறி போட்டால் இசட்: எதிர்மறை 0.38, அதாவது வடக்கு. மூன்றையும் 200ஆல் பெருக்கி, டைரக்‌ஷனல் விளக்கை, அதாவது ஒரே திசையில் இணையாக ஒளி வீசும் வகையை, அங்கே வையுங்கள். நிரலில் கோணங்கள் ரேடியனில் இருக்க வேண்டும். கேமராவின் பார்வைக் கோணம் மட்டும் விதிவிலக்காகப் பாகையில் கேட்கும். இந்த விளக்கைத் திருப்பிப் பயனில்லை. அது நிற்கும் இடத்திலிருந்து அதன் இலக்கை நோக்கியே ஒளி பாயும்.

மற்ற நாள்களுக்கும் நேரங்களுக்கும் கையால் கணக்கிட வேண்டாம். சன்கால்க் என்ற சிறு நூலகம் இருக்கிறது; தேதியும் இடமும் கொடுத்தால் கோணங்களைத் தரும். நான் பயன்படுத்தும் பதிப்பு திசையைத் தெற்கிலிருந்து எண்ணுகிறது, ஆகவே ஒரு பை கூட்டி வடக்குக் கணக்குக்கு மாற்றிக்கொள்கிறேன். மேலே சொன்ன 296ஐ வைத்து உங்கள் பதிப்பைச் சோதித்துக்கொள்ளுங்கள். நேரத்தை எழுதும்போது கூடவே எட்டு மணி நேர வேறுபாட்டையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் வேறொரு நேர மண்டலத்தில் உள்ள கணினியில் திறக்கும்போது அம்மாவின் மாலை வெயில் நள்ளிரவுக்குப் போய்விடும்.

நிழலுக்கு நான்கு இடங்களில் அனுமதி தரவேண்டும்: ரெண்டரரின் நிழல் வசதியை இயக்க வேண்டும், விளக்கு நிழல் உண்டாக்கலாம் என்று சொல்ல வேண்டும், கட்டடம் நிழல் வீசலாம் என்று சொல்ல வேண்டும், தரை நிழலை ஏற்கலாம் என்று சொல்ல வேண்டும். நான்கையும் செய்தபின்னும் நிழல் வராது, அல்லது நடுவில் ஒரு சிறு துண்டாக மட்டும் வரும். இங்கே பலர் மணிக்கணக்கில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். விளக்கு தன் இடத்திலிருந்து காட்சியை ஒரு படமாக எடுத்து, தன் கண்ணுக்குத் தெரியாத இடமெல்லாம் நிழல் என்று முடிவு செய்கிறது. அந்தப் படத்தின் பரப்பு, நீங்கள் மாற்றாதவரை, மையத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஐந்து அலகு மட்டுமே. நம் கணக்கில் ஐந்து மீட்டர். 42 மீட்டர் கட்டடத்தின் ஐந்து மணி நிழலோ ஏறத்தாழ 76 மீட்டர் நீளும். எனவே பரப்பை ஒவ்வொரு பக்கமும் 120 மீட்டராக்குங்கள். உடனே நிழலின் ஓரம் படிக்கட்டுப் போலாகிவிடும். படத்தில் ஒரு பக்கத்துக்கு 512 புள்ளிகள்தான் இருக்கின்றன, 240 மீட்டரை அதில் பங்கிட்டால் ஒரு புள்ளி கிட்டத்தட்ட அரை மீட்டர். 2048ஆக உயர்த்தினால் 12 சென்டிமீட்டர். சன்னலுக்குள் வெயில் வருமா என்று பார்க்க அது போதும். சுவரில் வரிவரியாகக் கறை தெரிந்தால் நிழல் ஒப்பீட்டைச் சற்றே தள்ளிவைக்கும் பயாஸ் மதிப்பை மிகச் சிறிதளவு எதிர்மறையாக்குங்கள்.

சுற்றியுள்ள புளோக்குகளையும் வைக்காமல் பதில் முழுமையாகாது; எதிர்ப் புளோக்கே அம்மாவின் அறைக்கு நிழல் தரக்கூடும். அவற்றின் இடங்களை வரைபடத் தரவிலிருந்து எடுக்கும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்க்கேட்டர் முறையில் சிங்கப்பூரின் எக்ஸ் மதிப்பு ஒரு கோடியே 15 லட்சம் மீட்டரைத் தாண்டும். வரைகலைச் சில்லு எண்களை 32 பிட்டில் வைத்திருக்கிறது. அவ்வளவு பெரிய எண்ணில் அதனால் ஒரு மீட்டருக்குக் குறைவான வேறுபாட்டைப் பார்க்கவே முடியாது. கேமரா நகரும்போது சுவர்கள் நடுங்கும். சிங்கப்பூரின் சொந்த அளவை முறையான எஸ்விஒய்21 மீட்டரிலேயே இருக்கிறது, எண்களும் சிறியவை. அதை எடுத்து, உங்கள் புளோக்கின் இடத்தை எல்லாவற்றிலிருந்தும் கழித்து, உங்கள் புளோக்கையே ஆதிப்புள்ளியாக்கிக்கொள்ளுங்கள். கேமரா எவ்வளவு அருகிலிருந்து வரையத் தொடங்கும் என்ற அருகெல்லையை 0.1 என்று விடாமல் 1 என்று வையுங்கள். தூரத்துச் சுவர்கள் ஒன்றோடொன்று மின்னிக்கொள்வது பெரும்பாலும் நின்றுவிடும்.

சன்னல்களை அதன்பிறகு சேர்க்கலாம். 300 சன்னல்களை 300 மெஷ்களாக, அதாவது தனித்தனி வடிவப் பொருள்களாக, வைத்தால் ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் சில்லுக்கு 300 தனிக் கட்டளைகள் போகும், அம்மாவின் கைப்பேசி சூடாகும். இன்ஸ்டன்ஸ்டு மெஷ் என்ற வகையில் வைத்தால் ஒரே கட்டளை. கைப்பேசித் திரையின் அடர்த்தி மூன்று மடங்கு என்றால் வரைய வேண்டிய புள்ளிகள் ஒன்பது மடங்கு. ரெண்டரரின் அடர்த்தியை இரண்டுக்கு மேல் போகவிடாதீர்கள். வெயிலை ஓடவிடும்போது சட்டத்துக்கு இவ்வளவு என்று கோணத்தைக் கூட்டாதீர்கள், கடந்த நேரத்தை வைத்துக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் விநாடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரையில் சூரியன் இரட்டை வேகத்தில் அஸ்தமிக்கும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் அழகாகச் செய்த மாதிரியைக் கொண்டுவர விரும்பினால் ஜிஎல்டிஎஃப் வடிவில் சேமியுங்கள். அதன் அலகும் மீட்டர், அதிலும் ஒய் அச்சே மேல்நோக்கியது, ஆகவே நம் கணக்கோடு ஒத்துப்போகும்.

இன்னொரு முப்பரிமாண நூலகமான பேபிலான்.ஜேஎஸ் நல்லதா என்று யாராவது கேட்டு உங்களைக் குழப்பலாம். நல்லதுதான், விளையாட்டு எழுதப்போகிறவருக்கு அதில் பல வசதிகள் கூடவே வருகின்றன. திரீ.ஜேஎஸ்ஸில் தொடங்கியாகிவிட்டது, அதிலேயே இருங்கள். நாளை மாற வேண்டியிருந்தாலும் காட்சி, கேமரா, மெஷ், விளக்கு என்ற எண்ணங்கள் அங்கேயும் அப்படியே இருக்கும்.

வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு உங்கள் புளோக்கின் கீழே இறங்கி, நிழலின் நுனி எங்கே முடிகிறது என்று பாருங்கள். கார் நிறுத்துமிடத்தின் எத்தனையாவது கோடு, எந்த மரம், எதிர்ப் புளோக்கில் எத்தனையாவது மாடி என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதே தேதியையும் நேரத்தையும் நிரலில் வைத்து இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரு மாடி வித்தியாசம் என்றால் உயரத்தைச் சரிபாருங்கள்; பக்கமே மாறியிருந்தால் கழித்தல் குறியைப் பாருங்கள். இரண்டும் பொருந்திய பிறகு, பிடிஓ கையேட்டில் உள்ள மனைப்படத்தை எடுத்து, அதில் வடக்கைக் காட்டும் அம்புக்குறியைத் தேடி, தெங்கா புளோக்கை அதே காட்சியில் எழுப்புங்கள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, தேதியை அவர் கையாலேயே நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள்.